மரவேலைப் பட்டறைக்கு ஆட்டோமேட்டிக் டஸ்ட் கலெக்‌ஷன்: எது காசுக்குத் தகும், எது தகாது

மெஷினை ஓட்டினால் டஸ்ட் கலெக்டர் தானே ஓடும், நிறுத்தினால் தானே நிற்கும். இந்தச் சாமான்களை விற்பவர்கள் முதலில் காட்டுவது இதைத்தான். ஆனால் இருப்பதிலேயே எளிய வேலையும் இதுதான். கையடக்க ரிமோட் ஸ்விட்ச் ஒன்று போதும். போட்ட காசு வீணா இல்லையா என்பது கேட்டுகளில்தான், அதாவது ஒவ்வொரு மெஷினுக்கும் போகும் காற்றுக் குழாயைத் திறந்து மூடும் தகடுகளில்தான், தெரியவரும். எந்த கேட் எப்போது திறக்கிறது, எது எப்போது மூடுகிறது, அந்த நேரத்தில் ஃபேன் ஓடுகிறதா நிற்கிறதா என்பதைப் பார்த்தாலே ஒரு அமைப்பின் தரம் புரிந்துவிடும்.

கையால் இழுக்கிற பிளாஸ்ட் கேட் வைத்த பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். வேலை மும்முரத்தில் மூன்று நான்கு கேட்டுகள் திறந்தே கிடக்கும். 1.5 கிலோவாட் கலெக்டரின் காற்று நாலாகப் பிரிந்து, அறுக்கிற இடத்துக்கு வந்து சேர்வது சொற்பம். பெரிய சீவல் எப்படியோ உள்ளே போய்விடும். 10 மைக்ரானுக்குக் கீழான நுண்தூசி போகாது, அறையிலேயே மிதக்கும். மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் ஐஏஆர்சி என்ற பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லேயே சேர்த்துவிட்டது. ஆக, மோட்டார் கேட்டைச் சொகுசு என்று ஒதுக்க முடியாது. இருக்கிற காற்று முழுவதையும் வேலை நடக்கிற மெஷினுக்கே கொண்டுபோவது அதன் கடமை. ஆனால் இல்லாத காற்றை எந்த சென்சாரும் உண்டாக்காது. மெஷினின் ஹூட் (தூசியை உள்வாங்கும் வாய்) மோசம், டக்ட் (காற்றுக் குழாய்) 63 மி.மீ.க்குச் சுருங்கியிருக்கிறது என்றால் முதல் செலவு அங்கேதான் ஆக வேண்டும்.

முதல் படி: தானே ஓடும் ஸ்விட்ச்

மெஷின் இழுக்கும் மின்னோட்டத்தை உணர்ந்து கலெக்டரை ஓட்டும் பெட்டிகள் இந்த வகை. ஷாப் வாக்யூமில் பவர் டூலுக்கென்று ஒரு சாக்கெட் இருக்குமே, அதிலும் நடப்பது இதுதான். பேட்டரி டூல்களுக்கு ஃபெஸ்டூல் மாதிரி சில நிறுவனங்கள் புளூடூத் வழியாக வாக்யூமை ஓட்டுகின்றன. ஒரு வாக்யூம், ஒரு சாண்டர், ஒரு ரூட்டர் என்று இருக்கும் இடத்துக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

நிலையான மெஷின்களுக்கு இதையே பயன்படுத்தும்போது இரண்டு இடங்களில் உதைக்கும். முதலாவது மின்சுமை. இண்டக்‌ஷன் மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில் முழுச்சுமை ஆம்பியரைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். டேபிள் சாவும் கலெக்டரும் ஒரே நொடியில் கிளம்பினால், ஒரே லைனில் இருக்கும் பட்சத்தில், பிரேக்கர் விழும். அதனால் நல்ல பெட்டிகள் கலெக்டரை ஒன்றிரண்டு நொடி தாமதித்து ஓட்டுகின்றன. அந்தத் தாமதம், பலகையை ஒரே கனத்துக்குச் சீவும் திக்னஸ் பிளேனருக்கு ஆகாது. ஃபேன் முழு வேகம் பிடிப்பதற்குள் பலகையை உள்ளே விட்டால் சீவல் ஹூட்டிலேயே அடைத்துக்கொள்ளும், பிறகு கழற்றித்தான் எடுக்க வேண்டும். பிளேனருக்கு கலெக்டர் முன்னாலும் மற்றவற்றுக்குப் பின்னாலும் ஓட வேண்டும். சென்சாரோடு ஒரு கை ரிமோட்டும் கூடவே வராத பெட்டியை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிடலாம்.

இரண்டாவது, ஸ்விட்சின் உள்ளே மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே. ஸ்மார்ட் பிளக் என்ற பெயரில் வருபவற்றில் 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். ஹீட்டர் மாதிரியான சுமைக்குத்தான் அந்தக் கணக்கு. 2.2 கிலோவாட் மோட்டாரின் ஸ்டார்டிங் கரண்ட் திரும்பத் திரும்பப் பாய்ந்தால் கான்டாக்ட் பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொள்ளும். ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். சிறிய ரிலே ஒரு கான்டாக்டரின், அதாவது பெரிய சுமைக்கான ஸ்விட்சின், காயிலை மட்டும் இயக்கட்டும். மோட்டார் சுமையை ஏசி-3 (மோட்டார்களுக்கான) வகையில் மதிப்பிட்ட அந்தக் கான்டாக்டர் சுமக்கட்டும். மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு, சுமை மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயைத் திருப்பி வையுங்கள். கான்டாக்டர் விலையை மிச்சம் பிடிக்கிறவர் பிறகு மோட்டாருக்கு வைண்டிங் கட்டுவார்.

மெஷின் நின்றபின்னும் கலெக்டர் ஓடும் ஆஃப் தாமதத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. டக்டில் மிச்சமிருக்கும் தூளை வெளியேற்றத்தான் அந்த 30 நொடி என்பார்கள். 12 மீட்டர் டக்டில் காற்று நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போனால் கடைசிவரை போய்ச்சேர ஒரு நொடிகூட ஆகாது. தூள் காற்றைவிட மெதுவாக நகரும் என்று வைத்துக்கொண்டாலும் பத்து நொடி தாராளம். நீண்ட தாமதம் தேவைப்படுவது மோட்டாருக்காக. மைட்டர் சாவில் ஒரு வெட்டு மூன்று நொடி. கலெக்டர் ஃபேன் வேகம் பிடிக்கவும் ஏறக்குறைய அதே நேரம். ஒவ்வொரு வெட்டுக்கும் நின்று நின்று ஓடினால் முதல் தூசியை அது பிடிக்கப்போவதே இல்லை. அதோடு ஸ்டார்ட் கப்பாசிட்டரும் சென்ட்ரிஃபியூகல் ஸ்விட்சும் சூடேறிப் போகும். சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்கு மணிக்கு ஆறு ஸ்டார்ட்டுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. தயாரிப்பாளர் வேறு கணக்கு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். மைட்டர் சாவுக்கும் பேண்ட் சாவுக்கும் தாமதத்தை இரண்டு மூன்று நிமிடம் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். 5 அல்லது 10 நொடிக்கு மேல் ஏறாத பெட்டி வாக்யூமுக்குச் சரி, கலெக்டருக்குச் சரியில்லை.

மோட்டார் கேட்டுகள்

ஐவாக் ப்ரோ போன்ற தொகுப்புகளில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு சென்சார் பெட்டி, கலெக்டருக்கு ஒரு ஸ்விட்ச், கிளைக்கு ஒரு மோட்டார் கேட் என்று தனித்தனியாக வாங்கிச் சேர்க்கலாம். இடையே ரேடியோவில் பேசிக்கொள்ளும். படிப்படியாக விரிவாக்க முடிவது இவற்றின் பெரிய பலம். ஸ்விட்சில் தொடங்கி, தேவைப்படும் கிளைக்கு மட்டும் கேட் சேர்த்துக்கொண்டே போகலாம்.

கேட் என்ற சாதனத்தையே முதலில் கூர்ந்து பார்க்க வேண்டும். தகடு சறுக்கி உள்ளே போய் நிற்கும் பள்ளம் ஒரு பக்கம் அடைபட்டிருந்தால் அதில் தூள் சேரும். ஒவ்வொரு மூடலிலும் இறுகி இறுகி, ஒருநாள் தகடு முழுவதும் மூடாது. கையால் இழுக்கும்போது ஓங்கித் தள்ளிச் சமாளிப்போம். மோட்டாருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. கரண்ட் ஏறி பாதியில் நிற்கும், அல்லது பிளாஸ்டிக் கியரின் பல் போகும். தகட்டின் முனை மறுபக்கம் திறந்திருந்து, மூடும்போது தூளை வெளியே தள்ளிவிடும் அமைப்புள்ள கேட்டையே எடுங்கள். பள்ளம் கீழ்நோக்கி இராதபடி பொருத்துங்கள்.

கசிவு அடுத்தது. 100 மி.மீ. கேட் ஒன்றில் தகட்டைச் சுற்றி அரை மி.மீ. இடைவெளி இருந்தால் அதன் பரப்பு சுமார் 157 சதுர மி.மீ. கேட்கச் சின்னதாக இருக்கும். அப்படிப் பத்து கேட்டுகள் மூடிக்கிடந்தால் மெயின் டக்டில் 45 மி.மீ. விட்டத்துக்கு ஓட்டை போட்டதற்குச் சமம். மலிவான பிளாஸ்டிக் கேட்டுகள் தோற்பது இங்கேதான். ஃபேன் ஓடும்போது மூடிய கேட்டின் விளிம்பில் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். ஒட்டி இழுத்தால் கசிகிறது.

நிலையை உணர உள்ளே இருப்பது மைக்ரோ ஸ்விட்சா, காந்தமும் ஹால் சென்சாருமா என்று கேளுங்கள். மைக்ரோ ஸ்விட்சின் நெம்புகோலுக்கு அடியில் தூள் புகுந்தால் கேட் திறந்ததையே கன்ட்ரோலர் அறியாது. காந்தத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. மின்சாரம் போனால் கேட் எந்த நிலையில் நிற்கும் என்பதும் முக்கியம். திருகுதண்டு வைத்தது இருந்த இடத்திலேயே நிற்கும். காற்றழுத்தத்தில் இயங்கும் கேட் ஸ்பிரிங் தள்ளும் பக்கம் போகும். அது திறக்கும் பக்கமாக இருக்க வேண்டும். நியூமேட்டிக் கேட் வேகமானது, உறுதியானது. ஆனால் கம்ப்ரசர் எப்போதும் அழுத்தத்தில் இருந்தாக வேண்டும்; லைனில் தண்ணீர் சேர்ந்தால் வால்வு மக்கர் செய்யும். கம்ப்ரசர் ஏற்கெனவே நாள் முழுக்க ஓடும் பட்டறைக்கு மட்டுமே அது பொருந்தும்.

இனி, வாங்குவதற்கு முன் கண்ணால் பார்த்தே தீர வேண்டியது: வரிசை. புதிய கேட் முழுதாகத் திறந்த பிறகே பழையது மூட வேண்டும். கடைசி மெஷின் நின்றபின் ஃபேன் சுழற்சி அடங்கும்வரை கடைசி கேட் திறந்தே இருக்க வேண்டும். வரிசை தவறி எல்லா கேட்டுகளும் மூடிய நிலையில் ஃபேன் ஓடினால், ஃபேனின் முழு வெற்றிட அழுத்தமும் டக்டின்மேல் விழும். காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் சைக்ளோன் வகை கலெக்டர்களில் இது 250 மி.மீ. நீர்த்தம்ப அழுத்தத்தைத் தாண்டுவது சகஜம். ஏசி வேலைக்கான மெல்லிய தகர டக்ட் அதில் உள்வாங்கி நசுங்கிவிடும். ஒரே மெஷின் இருக்கும் செய்முறை மேஜையில் இந்தக் குறை தெரியாது. இரண்டு மெஷின்களை மாற்றி மாற்றி, ஒன்று நிற்கும் முன்பே மற்றொன்றை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மோட்டார் கேட் தரும் ஒரு லாபத்தை விற்பவர்கள் ஏனோ சொல்வதில்லை. கையால் இழுக்கும் கேட் எட்டுகிற உயரத்தில், மெஷின் பக்கத்தில் இருந்தாக வேண்டும். மோட்டார் கேட்டை மேலே, மெயினிலிருந்து கிளை பிரியும் இடத்திலேயே வைக்கலாம். அப்போது மெயினில் ஓடும் தூள் மூடிய கிளைக்குள் விழுந்து தங்காது. ஃப்ளெக்ஸ் ஹோஸின் கசிவும் கணக்கில் வராது.

கேட் மூடினால் மெயினில் என்ன ஆகும்

தானியங்கி கேட் போட்டபின் சில இடங்களில் டக்ட் அடைக்கத் தொடங்குவது உண்டு. மரத்தூளைப் படியவிடாமல் கொண்டுபோகக் காற்று நொடிக்கு 18 முதல் 23 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். 20 மீட்டர் என்று வைத்தால் 100 மி.மீ. கிளையில் மணிக்கு 565 கன மீட்டர், ஏறத்தாழ 330 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி). அதே காற்று 150 மி.மீ. மெயினுக்குள் நுழைந்ததும் வேகம் 9 மீட்டராக விழும். 200 மி.மீ. மெயினில் 5 மீட்டர். திறந்திருக்கும் ஒரே கிளை வழியாக ஃபேன் கூடுதலாக இழுத்து அங்கே 30 மீட்டர் வந்தாலும் 150 மி.மீ. மெயினில் 13 மீட்டரைத் தாண்டாது. பிளேனர் சீவல் மெயினின் அடியில் படுத்துக்கொள்ளும். முன்பு நான்கு கேட்டுகள் திறந்து கிடந்தபோது, தற்செயலாக, மெயினில் வேகம் இருந்தது!

தீர்வுகள் சில உண்டு. ஒரு நேரத்தில் ஒரே மெஷின்தான் ஓடும் என்றால் மெயினையும் கிளையையும் ஒரே விட்டத்தில், 150 மி.மீ. ஆகவே போட்டு, மெஷினின் ஹூட்டை அதற்கேற்ப அகலப்படுத்துவது மிகச் சிறந்தது. அது முடியாத இடத்தில், முக்கிய கேட்டுடன் இன்னொரு கேட்டும் சேர்ந்து திறக்கும்படி கன்ட்ரோலரில் இணைக்க முடிய வேண்டும். ஈகோகேட் வகைத் தொழிற்சாலை அமைப்புகள் இதைத் தாமாகவே செய்கின்றன: மெயினில் குறைந்தபட்ச வேகம் இல்லை என்றால் ஓடாத மெஷினின் கேட்டையும் திறந்து காற்றை நிரப்பும், ஃபேன் வேகத்தை விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) மூலம் ஏற்றி இறக்கும்.

விஎஃப்டியின் மின்சேமிப்பு மெய்தான். ஃபேன் வேகத்தை 80 சதவீதத்துக்கு இறக்கினால் காற்றும் 80 சதவீதம், ஆனால் மின்திறன் 51 சதவீதமாகக் குறையும். கூடவே அழுத்தமும் 64 சதவீதத்துக்கு இறங்கும் என்பதை மறக்கக் கூடாது. நீண்ட டக்டின் கடைசி மெஷினுக்கு அது போதாமல் போகலாம். பத்துப் பன்னிரண்டு மெஷின்கள், பெரிய மோட்டார், நாள் முழுக்க வேலை என்று இருக்கும் இடத்தில் இந்த வகை தன் விலையைத் தானே திரும்ப எடுக்கும். ஐந்து மெஷின் பட்டறைக்கு இது ஆட்டுக்கு வாங்கிய அங்குசம். சிங்கிள் ஃபேஸ் கப்பாசிட்டர் மோட்டாருக்கு விஎஃப்டி மாட்டவும் முடியாது. த்ரீ ஃபேஸ் மோட்டார் வேண்டும்.

சென்சார் ஏமாறும் இடங்கள்

கரண்ட் சென்சாரை ஒரே ஒரு கம்பியைச் சுற்றித்தான் மாட்ட வேண்டும். முழு கேபிளையும் சேர்த்துக் கவ்வினால் போகும் மின்னோட்டமும் வரும் மின்னோட்டமும் ஒன்றையொன்று அழித்து, சென்சார் பூஜ்யம் காட்டும். “சென்சார் வேலை செய்யவில்லை” என்ற புகார்களில் இது முதலில் பார்க்க வேண்டியது. த்ரீ ஃபேஸ் மெஷினில் ஒரு ஃபேஸ் போதும். சின்ன மெஷினின் மின்னோட்டம் குறைவு என்றால் அந்தக் கம்பியை சென்சார் வளையத்துக்குள் மூன்று சுற்று சுற்றுங்கள். சிக்னல் மூன்று மடங்காகும். மெஷினில் இருக்கும் விளக்கும் டிஜிட்டல் ரீட்அவுட்டும் எப்போதும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். அந்த அளவுக்கு மேலே தொடக்க வரம்பை ஏற்றிவைக்க முடியாத சென்சார், விளக்கைப் போட்டாலே கலெக்டரை ஓட்டும். விஎஃப்டி வைத்த லேத்தில் தலைகீழ்ச் சிக்கல்: மெதுவாகச் சுழலும்போது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, சென்சார் கண்டுகொள்ளாது. அங்கே சென்சாரை விட்டுவிட்டு, விஎஃப்டியின் ‘ரன்’ ரிலே வெளியீட்டிலிருந்து சிக்னல் எடுப்பதே சரி.

அதிர்வை வைத்து உணரும் ஒட்டுச் சென்சார்கள் மாட்ட எளிது. பக்கத்து மெஷின் ஓடினாலும் விழித்துக்கொள்வதால் நெருக்கமான பட்டறைக்கு அவை வேண்டாம். ரேடியோ சிக்னலுக்கு இரும்பு அலமாரியும் தகர டக்டும் தடை. ரிசீவரை கான்டாக்டர் இருக்கும் உலோகப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு எட்டவில்லை என்று சொல்வதில் பயன் இல்லை. ஆன்டெனாவாவது வெளியே வர வேண்டும். இணையம் போனால் நின்றுவிடும் ஆப் சார்ந்த அமைப்புகளை ஒரே வரியில் முடித்துவிடலாம்: வாங்காதீர்கள்.

தரையைக் கூட்டித் தள்ளும் துவாரத்துக்கு மெஷின் கிடையாது, அதனால் சென்சாரும் கிடையாது. அதற்கு ஒரு பொத்தான் வேண்டும். ஒவ்வொரு மோட்டார் கேட்டையும் மோட்டார் கெட்டுப்போனாலும் கையால் திறக்க வழி இருக்க வேண்டும். இது இல்லாத கேட் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒருநாள் வேலையை நிறுத்தும்.

தொட்டியும் ஃபில்டரும்

தானே ஓடுவதால் கலெக்டர் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சைக்ளோனின் தொட்டி நிரம்பியபின் வரும் சீவல் நேராக ஃபில்டருக்கு ஏறி, மடிப்புகளுக்குள் இறுகும். தொட்டி நிரம்பியதை இன்ஃப்ராரெட் கதிராலோ சுழலும் துடுப்பாலோ உணரும் சென்சார், முழு அமைப்பிலும் குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது. எச்சரிக்கை பளிச்சென்று மின்னும் விளக்காக இருக்கட்டும். காதடைப்பான் போட்டவருக்கு பஸ்ஸர் கேட்காது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் காட்டும் மானி ஒன்று போடுங்கள். ஃபில்டர் புதிதாக இருக்கும்போது காட்டும் அளவை அதன் முகப்பிலேயே எழுதிவைத்தால் எப்போது தட்ட வேண்டும் என்பதற்கு வேறு கணக்கு தேவையில்லை. ஃபில்டரை மோட்டாரால் தட்டும் ஆட்டோமேட்டிக் பொறி ஃபேன் நின்றபிறகு மட்டுமே ஓட வேண்டும். காற்று இழுத்துக்கொண்டிருக்கும்போது தட்டினால் தூள் உதிராது.

இரும்பை கிரைண்ட் செய்யும் மெஷினை இந்த அமைப்பில் எந்த கேட் வழியாகவும் சேர்க்காதீர்கள். ஒரு தீப்பொறி மரத்தூள் தொட்டிக்குள் போய் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும், பட்டறை பூட்டிய பிறகும்.

சொந்தமாகக் கட்டுகிறவர்களுக்கு

இஎஸ்பி32 அல்லது ஆர்டுயினோ என்ற சிறு கன்ட்ரோலர் போர்டு, எஸ்சிடி-013 கரண்ட் சென்சார், பிசிஏ9685 சர்வோ போர்டு, கேட்டை நகர்த்தும் எம்ஜி996ஆர் சர்வோ மோட்டார், 3டி பிரிண்ட் கேட். இந்தச் சேர்க்கை நன்றாகவே வேலை செய்யும். கடைத் தொகுப்பின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். எஸ்சிடி-013-ல் 100 ஆம்பியருக்கு 50 மில்லி ஆம்பியர் தரும் ரகத்துக்கு வெளியே, அந்த மின்னோட்டத்தை வோல்டேஜாக மாற்றும் பர்டன் ரெசிஸ்டர் வேண்டும், 5 வோல்ட் போர்டுக்கு 33 ஓம். 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும் ரகத்தில் அது உள்ளேயே இருக்கிறது. இரண்டையும் குழப்பினால் அளவு முழுக்கத் தப்பும்.

சர்வோவுக்கு போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்து மின்சாரம் எடுத்தால், கேட் நகரும் ஒவ்வொரு முறையும் போர்டு ரீசெட் ஆகும். எம்ஜி996ஆர் திணறும்போது 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. 12 வோல்ட் லைனை ஒவ்வொரு கேட் வரைக்கும் கொண்டுபோய், அங்கே பக் கன்வர்ட்டரால் 6 வோல்ட்டாக இறக்குங்கள். அப்போது நீண்ட ஒயரில் வோல்டேஜ் சரிவு தொல்லை தராது. கேட் நகர்ந்து முடிந்ததும் சர்வோவுக்குப் போகும் பல்ஸை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ரீங்கரித்துக்கொண்டே சூடேறும். பிவிசி டக்டில் ஓடும் தூள் நிலைமின்னை ஏற்றும். அது சென்சார் ஒயரில் பாய்ந்தால் போர்டு காரணமில்லாமல் தொங்கும். ஒயர்களை டக்டோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளி ஓட்டி, டக்டின் மேல் எர்த் கம்பி ஒன்றைச் சுற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். நிரலில், போர்டு தொங்கினால் அதைத் தானே ரீசெட் செய்யும் வாட்ச்டாக் டைமர் ஒன்று கட்டாயம். போர்டு தொங்கினால் கலெக்டர் ஓடிக்கொண்டிருக்கலாம், ஆனால் எல்லா கேட்டும் மூடிய நிலைக்குப் போகக் கூடாது.

கடையில் வாங்கியதோ கையால் கட்டியதோ, எல்லாம் மாட்டி முடித்ததும் அனிமோமீட்டரால் ஒவ்வொரு கிளையின் வாயிலும், அதன் கேட் மட்டும் திறந்த நிலையில், காற்றின் வேகத்தை அளந்து கேட்டின் மேல் ஒட்டிவையுங்கள். 100 மி.மீ. கிளையில் 20 மீட்டருக்குக் கீழே எது வந்தாலும் அந்தக் கிளையின் வளைவுகளையும் ஃப்ளெக்ஸ் ஹோஸின் நீளத்தையும் குறைத்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். பின்னால் ஒருநாள் எல்லாக் கிளைகளிலும் ஒரே அளவில் வேகம் குறைந்திருந்தால் ஃபில்டரைப் பாருங்கள். ஒரே கிளையில் மட்டும் குறைந்திருந்தால் அந்த கேட் முழுதாகத் திறக்கவில்லை அல்லது கிளை அடைத்திருக்கிறது.